லாச்சிக்குள் இருப்பது பிள்ளைக்குத் தெரியும்

வெளிநாட்டில் வீட்டுக்குள் துவக்கு வாங்கி வைத்திருக்கும் எங்கள் ஊர்ப் பெற்றோருக்கு,

வணக்கம். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். 34 வருடம் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு இப்போது வீட்டோடு இருக்கும் ஒரு ரீச்சர். உங்களில் ஒன்றிரண்டு பேரின் காதை நானே முறுக்கியிருக்கவும் கூடும், அந்த உரிமையில் கொஞ்சம் கடுமையாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டாலும் வாசித்து முடியுங்கள்.

போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு என் பெறாமகன் ரெக்சாஸில் இருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். தங்கையின் மகன், ஆனால் பாதிக்குமேல் வளர்ந்தது என் வீட்டில்தான். அங்கே பெற்றோல் செட்டோடு சேர்ந்த ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறான், இரவு பதினொரு மணிவரை திறந்திருக்கும், முகத்தை மூடிக்கொண்டு வந்த இரண்டு பேர் ஒருநாள் காசுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு ஒரு கைத்துப்பாக்கி வாங்கினானாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, புதுக் கார் வாங்கியதைச் சொல்வது போல, போனில் படம் காட்டினான். எனக்குப் புட்டு தொண்டைக்குள் இறங்கவில்லை. முப்பது வருடமாக இந்த ஊரில் நாங்கள் பார்க்காத துவக்கா, ஆனால் படுக்கிற அறைக்குள், கட்டிலுக்குப் பக்கத்து லாச்சிக்குள் ஒன்று இருக்கிறது என்று வீட்டுப் பிள்ளை ஒருவன் பெருமையாகச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சின்னவன் இருக்கிறானே தம்பி" என்றேன்.

"பெரியம்மா, அவனுக்கு அது எங்கே இருக்கென்றே தெரியாது. லாச்சியைப் பூட்டித்தான் வைச்சிருக்கிறன்."

அடுத்த நாள் காலை அந்தச் சின்னவன், ஏழு வயது, முற்றத்தில் முறிந்து கிடந்த ஒரு பூவரசந் தடியை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தான். துவக்கு விளையாட்டு எனக்குப் புதிதல்ல. சண்டைக் காலத்தில் எங்கள் பிள்ளைகள் பனை மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாயாலேயே டப டப என்று சுட்டுத் திரிந்தவர்கள், எந்தச் சத்தம் ஹெலி, எந்தச் சத்தம் குண்டு போடும் கிபிர் விமானம் என்று பெரியவர்களுக்கு முன்னமே சொல்லிப் பங்கருக்குள் ஓடியவர்கள். இவன் சத்தமே போடவில்லை. தடியின் அடியில் எதையோ செருகுவது போலச் செய்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான், பிறகு இடக்கையால் மேல்பக்கத்தைப் பின்னுக்கு இழுத்து விட்டான், அதற்குப் பிறகுதான் கையை நீட்டினான். படத்தில் பார்த்திருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, விளக்குமாற்றை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டேன், "இது ஆர் அப்பு காட்டித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை அப்பம்மா. அப்பாவின்ர லாச்சி. சாவி அவற்ற கறுப்புக் கால்மேஸுக்குள்ள." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பாட்டச் சொல்லாதைங்கோ" என்றான்.

சொன்னேன். அந்த நிமிடமே உள்ளே போய்ச் சொன்னேன். பெறாமகனின் முகம் வெளுத்தது, பிறகு பிள்ளை மேல் கோபம் வந்தது, கையையும் ஓங்கினான். தடுத்துவிட்டேன். ஒளித்து வைத்ததைக் கண்டுபிடிப்பது பிள்ளையின் தொழில் என்று அவனுக்கே நினைவுபடுத்த வேண்டியிருந்தது. சமையலறையில் மேல் தட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்த பயித்தம் பணியாரத்தை ஐந்து வயதில் கதிரை மேல் கதிரை போட்டு எடுத்தவன் அவன்தான்.

எங்கள் வீட்டுப் பிள்ளை மட்டும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் அலபாமாவில் துவக்கு வைத்திருக்கும் வீடுகளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிய ஆய்வு ஒன்று 2006 இல் வெளியானது. பிள்ளைக்கு இடம் தெரியாது என்று சொன்ன பெற்றோரின் பிள்ளைகளில் 100 க்கு 39 பேருக்கு இடம் தெரிந்திருந்தது. என் பிள்ளை ஒருநாளும் தொட்டதில்லை என்று சொன்னவர்களின் பிள்ளைகளில் 100 க்கு 22 பேர் தொட்டிருந்தார்கள். அதைவிட என்னை உலுக்கியது 2001 இல் வந்த அட்லாண்டா ஆய்வு. 8 முதல் 12 வயது வரையான 64 பொடியன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறைக்குள் விட்டு, ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தார்கள். அறையில் இருந்த லாச்சி ஒன்றுக்குள் உண்மையான கைத்துப்பாக்கி, ரவை இல்லாமல். எல்லாம் 15 நிமிடந்தான். 48 பேர் கண்டுபிடித்தார்கள், 30 பேர் கையில் எடுத்தார்கள், 16 பேர் விசையை அழுத்தினார்கள். கையில் எடுத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல், துவக்கைத் தொடக்கூடாது, கவனம் என்றெல்லாம் முன்னமே யாரோ சொல்லிக் கொடுத்திருந்த பிள்ளைகள்.

அந்தக் கடைசிக் கணக்கு எனக்கு ஆச்சரியம் தரவில்லை. சொல்லிக் கொடுப்பதுதான் என் தொழில், அது எவ்வளவு தூரம் போகும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும்.

2002 இல் சமாதான காலம் வந்து ஏ9 பாதை திறந்தபோது சனம் தென்மராட்சிப் பக்கம் தங்கள் வளவுகளைத் தேடித் திரும்பிப் போகத் தொடங்கியது. வளவெல்லாம் மிதிவெடி, வெடிக்காத ஷெல், மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள். பள்ளிக்கூடங்களில் மிதிவெடி அபாயக் கல்வி வைத்தார்கள். நானும் படம் காட்டிப் படிப்பித்தேன்: கிட்டப் போகாதே, தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவருக்குச் சொல். பிள்ளைகள் அதைப் பாட்டாக்கினார்கள், நாடகம் போட்டார்கள், சுவரெல்லாம் ஒட்டினார்கள். வகுப்பில் எல்லாரையும்விட அழகாக ஒப்புவித்தவன் ஒருநாள் காலையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து என் மேசையில் வைத்தான். உள்ளே துரு ஏறிய, சின்னப் பேணி மாதிரியான ஒரு சாமான். "ரீச்சர், நீங்கள் படத்தில காட்டினது இதுதானே?"

அது என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. 41 பிள்ளைகளையும் வரிசையில்கூட விடாமல் மைதானத்துக்கு ஓட்டினது தெரியும், கால் இரண்டும் சாயந்தரம் வரை நடுங்கினது தெரியும். உரியவர்கள் வந்து அதை எடுத்துக்கொண்டு போனார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பொடியன் செய்ததை யோசித்துப் பாருங்கள். அவன் என் சொல்லை மீறவில்லை. பெரியவருக்குச் சொல் என்றேன், சொல்லத்தான் வந்தான், ரீச்சர் மெச்ச வேண்டும் என்று கையோடு கொண்டுவந்தான். நான்காவது வரியைக் காப்பாற்றப் போய் முதல் மூன்றையும் விட்டுவிட்டான். ஒன்பது வயது.

அமெரிக்காவில் துப்பாக்கிச் சங்கம் 1988 இல் தொடங்கிய பிள்ளைகளுக்கான பாடம் ஒன்று இருக்கிறது, ஒரு கழுகுப் பொம்மையை வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள்: நில், தொடாதே, விலகி ஓடு, பெரியவருக்குச் சொல். கிட்டத்தட்ட நான் படிப்பித்த அதே நாலு வரிதான். நல்ல வரிகள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு அந்த வரிகளைவிட வேறு வழி இருக்கவில்லை. வளவுக்குள் கிடந்ததை வைத்தவர் யாரென்று தெரியாது, எங்கே வைத்தாரென்றும் தெரியாது, ஆகவே பிள்ளையின் தலையில் பொறுப்பைக் கட்டினோம். இன்றைக்கும் முகமாலைப் பக்கம் நிலத்தில் குந்தியிருந்து அங்குலம் அங்குலமாக மிதிவெடி கிண்டி எடுக்கிறார்கள். உங்கள் வீட்டு லாச்சிக்குள் வைத்தது நீங்கள். இடம் உங்களுக்குத் தெரியும், சாவி உங்கள் கையில். அதற்கும் ஏழு வயதுப் பிள்ளையைக் காவல் வைத்தால் அதற்கு என்ன பெயர்?

சட்டமும் இப்போது அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது. மிச்சிகன் மாநிலத்தில் ஒக்ஸ்போர்ட் என்ற ஊரில் 2021 நவம்பர் 30 அன்று 15 வயதுப் பொடியன் ஒருவன் தன் பள்ளிக்கூடத்தில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். அந்தக் கைத்துப்பாக்கியைத் தகப்பன் வாங்கியது நான்கு நாளைக்கு முன்னர். அன்று காலை அவன் கணக்குத் தாளில் கீறியிருந்த படத்தைக் கண்டு பள்ளிக்கூடம் தாய் தகப்பனைக் கூப்பிட்டுக் காட்டியும் அவர்கள் அவனை வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. துவக்கோடு கடையில் கொடுத்த கேபிள் பூட்டு பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் அப்படியே கிடந்தது என்று வழக்கில் காட்டினார்கள். 2024 ஏப்ரலில் தாய்க்கும் தகப்பனுக்கும் தனித்தனியாக 10 முதல் 15 வருடச் சிறை. பிள்ளை செய்த பள்ளிக்கூடக் கொலைக்குப் பெற்றோர் இப்படித் தண்டிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுதான் முதல் தடவை. அந்தப் பூட்டைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். சும்மா கொடுத்த பூட்டு.

ரெக்சாஸில் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள் என்று பெறாமகன் சொன்னான், அதுவும் பிழை. 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்குக் கிடைக்கும்படி ரவை போட்ட துவக்கை அலட்சியமாக விட்டு, பிள்ளை அதை எடுத்தால் அங்கேயும் குற்றம்தான். கனடாவில் இருப்பவர்களுக்கு இன்னும் இறுக்கம்: ரவையைக் கழற்ற வேண்டும், பூட்ட வேண்டும், கைத்துப்பாக்கியென்றால் விசைக்கு ஒரு பூட்டுப் போட்டு அதைப் பூட்டுள்ள பெட்டிக்குள்ளும் வைக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கென்றே செய்த இரும்புப்பெட்டி வேண்டும். சுவிஸில் பிறந்து வளர்ந்து அங்கத்தைய குடியுரிமை எடுத்த எங்கள் பொடியன்கள் இராணுவ சேவைக்குப் போய்விட்டு அரசாங்கத்துத் துவக்கையே வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள், அது அந்த நாட்டு வழக்கம். ஆனால் அந்த நாடே 2007 இல் யோசித்து, வீட்டில் வைத்திருக்கக் கொடுத்த ரவைகளைத் திருப்பி வாங்கத் தொடங்கியது. துவக்கை இராணுவக் களஞ்சியத்திலேயே விட்டுவிட்டு வரவும் இடமிருக்கிறது. பேரப்பிள்ளையை இராணுவ உடுப்பில் பார்த்துப் பூரிக்கும் அம்மம்மாமார் அதையும் ஒருதடவை கேட்டு வையுங்கள்.

இனி வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி. இது எழுதக் கை கூசுகிற பகுதி, ஆனாலும் எழுத வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டாகத் தொடும் என்று பயப்படும் நீங்கள் பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சாவி இருக்கும் இடத்தை நீங்களே சொல்லிக் கொடுக்கிறீர்கள், 'அவன் பெரிய ஆளாயிட்டான்' என்று. அந்த வயதில்தான் ஒரு சோதனைப் பெறுபேறு, ஒரு காதல், பள்ளிக்கூடத்தில் ஒரு அவமானம், எல்லாம் உலகம் முடிந்த மாதிரித் தெரியும். எங்கள் நாட்டைப் பாருங்கள். 1995 அளவில் தற்கொலையில் உலகத்திலேயே முன்வரிசையில் இருந்தோம். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து வெங்காயக் கொட்டிலுக்குள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது, ஒரு நிமிடக் கோபத்துக்கும் அதுவே துணையானது. எண்பதுகளிலேயே தொடங்கிய தடையை அந்த வருடத்தில் இருந்து இறுக்கி, மிகக் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். இருபது வருடத்தில் தற்கொலை வீதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. அதற்காக எங்கள் சனத்தின் கவலை மூன்றில் இரண்டு குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும், அந்த இருபது வருடத்தில் நாங்கள் பட்டது எங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்தது மாறியது, அவ்வளவுதான். அந்தக் கெட்ட பத்து நிமிடத்தைத் தாண்டிவிட்ட பிள்ளைகள் பெரும்பாலும் பிழைத்து, படித்து, கலியாணம் கட்டி வாழ்கிறார்கள், என் மாணவர்களிலேயே இருக்கிறார்கள். துவக்கு அந்தப் பத்து நிமிடத்தைத் தராது. உங்கள் பிள்ளை கொஞ்ச நாளாக அறையை விட்டு வெளியே வராமல், சாப்பாடு குறைந்து, பேச்சுக் குறைந்து இருந்தால், பூட்டுக்கூட வேண்டாம், துவக்கையே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். சட்டப்படி எங்கே கொடுத்து வைக்கலாம் என்று விசாரித்துக் கொடுங்கள். பிள்ளையோடு இருந்து கதையுங்கள், டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

"பூட்டி வைச்சால் கள்ளன் வரேக்க எப்படி எடுக்கிறது பெரியம்மா?" இது அவன் கேட்டது, நீங்களும் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, கடைக்குள் கள்ளரைக் கண்டு நடுங்கினவன் கேட்கிறான், நான் சிரிக்கவில்லை. விரலடையாளத்துக்கோ இலக்கத்துக்கோ திறக்கும் சின்ன இரும்புப்பெட்டி அங்கே கடைகளில் கிடைக்கிறது, சில விநாடியில் திறக்கும், நீங்கள் மாற்றி மாற்றி வாங்கும் போனைவிட மலிவு. பெட்டியைச் சுவரிலோ கட்டிலிலோ ஆணியடித்து இறுக்குங்கள். இலக்கத்தைப் பிள்ளையின் பிறந்தநாளாக வைக்காதீர்கள், அதைத்தான் எல்லாரும் வைக்கிறார்கள், அதைத்தான் பிள்ளை முதலில் அமத்திப் பார்க்கும். ரவைகள் வேறு இடத்தில், அதற்கும் பூட்டு. துவக்கைப் பூட்டுவது, ரவையைக் கழற்றுவது, ரவையைத் தனியாக வைப்பது, அதையும் பூட்டுவது, இந்த நான்கில் ஒவ்வொன்றும் பிள்ளைகளுக்கு வரும் ஆபத்தைக் குறைக்கிறது என்று 2005 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. இன்னொன்று, ரவைக்கூட்டைக் கழற்றிவிட்டால் துவக்கு வெறுமையாகிவிட்டது என்று நினைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். முதல் ரவை ஏற்கெனவே குழலுக்குள் ஏறியிருக்கக்கூடும். ரவைக்கூடு இல்லாமலும் அந்த ஒன்று வெடிக்கும், பல துவக்குகளில். என் பெறாமகனுக்கு இது தெரியும், அவன் மனைவிக்குத் தெரியாது. "அந்த லாச்சிப் பக்கமே நான் போறதில்லை மாமி" என்றாள், ஏதோ பாம்பைப் பற்றிச் சொல்வது போல. வீட்டுக்குள் பாம்பு இருந்தால் அது எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

துவக்கு இல்லாத வீட்டுக்காரருக்கும் ஒன்று. பிள்ளையைக் கூட்டாளி வீட்டுக்கு இரவு தங்க விடும்போது முட்டை சாப்பிட மாட்டாள், கடலை ஒத்துவராது என்றெல்லாம் சொல்லி அனுப்புகிறீர்கள். அதோடு சேர்த்து, உங்கள் வீட்டில் துவக்கு இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் ஆட்களுக்கு இது பெரிய கூச்சம், என்ன நினைப்பார்களோ என்று. சம்பந்தம் பேசும்போது பாட்டன் பூட்டன் வருத்தம் வரைக்கும் விசாரிக்கிற சனம் நாங்கள், இதைக் கேட்கவா வாய் வராது?

நல்லூர்க் கடைகளில் பிளாஸ்டிக் துவக்கு தொங்கும், தெரியும்தானே. சின்னவன் அந்த முறை அதைக் கேட்டு அழுதான், தகப்பன் வாங்கிக் கொடுக்கவில்லை. 'துவக்கு விளையாட்டுச் சாமான் இல்லை' என்று வீதியில் நின்று பாடம் வேறு நடத்தினான். நான் வாய் திறக்கவில்லை, கச்சான் வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

போகும்போது பெட்டி வாங்குவதாகச் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் போனான். இதை இப்படிப் பொதுவில் எழுதினதற்குக் கோபிப்பான், கோபிக்கட்டும். தனியாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. போன கிழமை வீடியோ கோலில் சின்னவன் வந்தான், தமிழ் வகுப்பில் கொடுத்த ஆத்திசூடியைச் சொல்லிக் காட்டினான், 'ஊக்கமது கைவிடேல்' வரை நன்றாகச் சொன்னான். தகப்பன் ஏதோ அழைப்பு வந்து அடுத்த அறைக்கு எழும்பிப் போக, போனைக் கிட்டப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"அப்பம்மா, அப்பா சாவியை மாத்திப்போட்டார். இப்ப சாமியறையில, பிள்ளையாருக்குப் பின்னால."

இப்படிக்கு,
கோண்டாவிலில் இருந்து ஒரு ரீச்சர்